கீழண்டைச் சுவர்

மளிகைக்கடை பார்வதம்மாவின் நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எட்டிப் பார்த்த கொத்தனார் மரியகுழந்தைக்கு அது யானை குளிக்கும் ஏரியாகவே தெரிந்தது.

“சுண்ணாம்பு, கடுக்கா, வெல்லம், ஆயிரம் முட்டை. நாலு சுவருக்கும் பூச அறுவது ரூபா ஆவும்மா. அப்புறம் ஒரு சொட்டு உள்ளே வராது.”

“இன்னாப்பா, அந்தக் காசுக்குத் தங்கச் சுரங்கத்துக்கு ஒரு ஷாஃப்டே தோண்டிடலாம். கீழண்டைச் சுவருக்கு மட்டும் பூசு. பதினஞ்சு தரேன்.”

“ஊத்து மேலண்டை இருக்குது. தண்ணி வந்துகினே இருக்குமேம்மா.”

“வரட்டும்பா. ஊரே தண்ணி வண்டிக்காகக் காத்துக் கெடக்குது. கீழண்டைச் சுவர் வழியா என் தண்ணி பாதி பக்கத்து வீட்டுக்காரி நிலவறைக்குக் கசிஞ்சு போவுது. அவ அதை மொண்டு, என் கடை வாசல்லயே குடம் ஓரணான்னு விக்கிறா.”