மார்க்கண்டரின்ரை ஆடு

"பொம்பிளைப் பிள்ளையிட்டைப் பிளேனைக் குடுத்தால் கத்தரித் தோட்டத்திலைதான் வந்து நிக்கும்."

பாலேஸ்வரிக்குக் கோவம் வராமல் என்ன செய்யும்? பயிற்சி விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்து, அவவின்ரை கத்தரிப் பாத்திக்குள்ளை மூக்குக் குத்தி நிக்குது. முதல் முதலாத் தனிய ஓடின டிலக்ஷிக்கு ஒரு கீறலும் இல்லை. கத்தரிக்குத்தான் சேதம்.

கொஞ்ச நேரத்திலை ஊர்ச்சனம் முழுக்கத் தோட்டத்துக்குள்ளை. எல்லாரும் விமானம் படிச்ச ஆக்கள் மாதிரித்தான் கதை.

"பிரேக் அமத்தேல்லைப் போலை கிடக்கு."

"உதுகளுக்கு ஸ்கூட்டியே ஒழுங்கா ஓடத் தெரியாது." சொன்னது, போன கிழமை மோட்டார்சைக்கிளோடை வாய்க்காலுக்குள்ளை விழுந்த தம்பிஐயா.

டிலக்ஷி வரம்பிலை குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.

"அப்பா குருநகரிலை கடலுக்குப் போறவர். நான் பைலட் ஆக வேணும் எண்டு அவருக்கு அவ்வளவு ஆசை. இப்ப எங்களைப் பழக்கிற பெரிய சேர் வாறார். என்னை நிப்பாட்டிப்போடுவார்."

பாலேஸ்வரி ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தா.

"அழாதை பிள்ளை. கத்தரி திரும்ப நடலாம்."

அவவின்ரை மனுசன் மார்க்கண்டர் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, ஒரு ஆடு குறுக்கை வந்தது எண்டு சொல்லு."

"ஆடு ஒண்டும் வரேல்லையே ஐயா."

"நீ சும்மா இரு. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

பெரிய சேர் ஜீப்பாலை இறங்கினார். முகத்திலை சிரிப்பு எண்டது மருந்துக்கும் இல்லை.

"என்ன நடந்தது?"

மார்க்கண்டர் முந்திக்கொண்டார். "என்ரை ஆடு, ஐயா. வேலி ஓட்டைக்குள்ளாலை பூந்திட்டுது. அதிலை முட்டாமல் வெட்டித் திருப்பினபடியால்தான் பிள்ளை இஞ்சை வந்தது."

"என்ன நிற ஆடு?"

"கறுப்பு," எண்டார் மார்க்கண்டர்.

"வெள்ளை," எண்டா பாலேஸ்வரி, அதே நேரத்திலை.

தம்பிஐயா விடுவாரே? "ரெண்டு ஆடு, சேர். என்ரை கண்ணாலை கண்டனான்."

"பின்னாலை ஒரு குட்டியும் வந்தது," எண்டு இன்னொரு குரல்.

விட்டிருந்தால் ஊரிலை உள்ள ஆடெல்லாம் ஓடுபாதைக்கு வந்திருக்கும். அதுக்குள்ளை டிலக்ஷி எழும்பிட்டாள்.

"சேர், ஆடு இல்லை. நான்தான் வேகம் கூட வந்திட்டன். இறக்காமல் திரும்ப மேலை எழும்பியிருக்க வேணும். பதட்டத்திலை இறக்கிப்போட்டன். பிழை என்னிலைதான்."

மார்க்கண்டர் தலையிலை கையை வைச்சார். "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டாள்."

பெரிய சேர் விமானத்தை ஒருக்காச் சுத்திப் பாத்திட்டு அவளிட்டை வந்தார்.

"ரெண்டு நாள் ஓய்வெடுங்கோ. பிறகு என்னோடை ஏறுங்கோ. இறக்கிறதைத் திரும்பப் பழகுவம்."

"அப்ப என்னை நிப்பாட்டேல்லையே, சேர்?"

"உந்தப் பிழையைத் திருத்தலாம். நீங்களும் ஆடு எண்டு சொல்லியிருந்தால், இண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பன்."

அவளையும் ஏத்திக்கொண்டு ஜீப் போச்சுது. பாலேஸ்வரி மனுசனைத் திரும்பிப் பாத்தா.

"இஞ்சேருங்கோ, நாங்கள் எல்லாருமாச் சேந்து காப்பாத்தியிருந்தால், பாவம், அந்தப் பிள்ளை இண்டைக்கே வீட்டை போயிருக்கும்."