வாய்தா அன்னைக்குக் கப்பல்

“வாய்தா அன்னைக்குக் கப்பலா? சார், விளையாடுறீங்களா?”

வக்கீல் ஜெகபர் அலி போனில் போட்ட சத்தம், சமையலறையில் இருந்த மங்களாம்பிகைக்கே கேட்டது.

“டிக்கெட் போட்டாச்சு வக்கீல் சார். இனிமே மாத்த முடியாது” என்றார் அமிர்தலிங்கம், வெண்டைக்காய் விலை சொல்வது போல.

“பன்னெண்டு வருஷக் கேஸ் சார்! நீங்க கூண்டுல ஏறி நாலு வார்த்தை சொன்னாப் போதும், வீரையன் நிலத்தை விட்டு வெளியே போயாகணும். நீங்க வரலைன்னா கேஸையே தள்ளுபடி பண்ணிடுவாங்க. இதுதான் கடைசி வாய்ப்புன்னு சொல்லிட்டாங்க.”

“பாத்துக்கலாம் சார்.” போனை வைத்துவிட்டார்.

அமிர்தலிங்கம் பாபநாசத்தில் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா காலத்திலிருந்தே குடும்ப நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிறவர் வீரையன். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஒரு வருஷம், வீரையனால் குத்தகை நெல் அளக்க முடியவில்லை. அதைச் சாக்கு வைத்து, நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி அப்பா ஒரு வழக்குப் போட்டார். அப்பா போய்ச் சேர்ந்தார். வழக்கு போய்ச் சேரவில்லை, மகன் தலையில் உட்கார்ந்துகொண்டது.

கப்பலில் உல்லாசப் பயணம் போவது அமிர்தலிங்கத்துக்கும் மனைவி மங்களாம்பிகைக்கும் புதிதில்லை. முன்பு சிங்கப்பூரிலிருந்து இரண்டு தடவை போய் வந்திருக்கிறார்கள். அப்புறம் எப்போது கிளம்ப நினைத்தாலும் ஒரு வாய்தா குறுக்கே நிற்கும். வாய்தா இல்லாத நாளில் கொரோனா வந்து நின்றது. மங்களாம்பிகைக்குக் கப்பல் என்றால் உயிர். ஆனாலும் இதை அவளாலேயே பொறுக்க முடியவில்லை.

“அடுத்த மாசம் போனா கடல் என்ன வத்திடுமா? கோர்ட்டு வேலையை முடிச்சிட்டுப் போகலாங்க.”

“கப்பல் கப்பல்னு உசுரை எடுத்தது யாரு? பேசாம பெட்டியைக் கட்டு.”

கிளம்புகிற அன்று வாசலில் வீரையன் வந்து நின்றார். தோள் துண்டு கையில் இருந்தது.

“ஐயா, செவ்வாக்கிழமை வாய்தா. இந்த வயசுல நிலம் போச்சுன்னா நான் எங்கே போவேன்? சம்பாவுக்கு நாத்து விட்டுட்டேன். எம் பொஞ்சாதி பூவம்மா சரியாச் சோறு தின்னு நாலு நாளாச்சுங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எதுவா இருந்தாலும் கோர்ட்ல சொல்லுங்க. காலையிலேயே போய் உக்காந்துடணும். வராம இருந்துடாதீங்க, ஆமா!”

முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மங்களாம்பிகைக்கு வீரையனை ஏறிட்டுப் பார்க்கவே கூசியது. ஏழை வயிற்றில் அடிக்கிற வழக்கையும் விடாமல், அந்த வழக்குக்கும் போகாமல் கப்பல் ஏறுகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

சென்னையில் கப்பல் புறப்பட்டது. கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் மறைந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, மேல்தளத்தில் சாய்வு நாற்காலி போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அமிர்தலிங்கம்.

“இந்நேரம் கோர்ட்ல உங்க பேரைக் கூப்பிட்டிருப்பாங்க” என்றாள் மங்களாம்பிகை.

“இட்லி பரவாயில்ல. சட்னிதான் ஒரே தண்ணி.”

“மனுஷனா நீங்க?”

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனை வருஷமாக ஏங்கிய கடல்! அவ்வளவு தண்ணீரும் வீரையனின் ஒரு மா நிலத்துக்குக்கூடப் பாயாதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அந்தப் பயணத்தில் அவளுக்கு எதுவுமே ருசிக்கவில்லை.

திரும்பி வந்து துறைமுகத்தில் இறங்கியதுமே போன் அடித்தது. வக்கீல்தான். அமிர்தலிங்கம் ஸ்பீக்கரில் போட்டார்.

“கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க சார்! வீரையன் கோர்ட் வாசல்லயே உக்காந்து அழுதுட்டாரு. நீங்க கவலைப்படாதீங்க, ஒரு மாசத்துக்குள்ள மனு போட்டா கேஸைத் திரும்ப எடுத்துக்குவாங்க. நாளைக்கு வந்து ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

“ஒரு மாசத்துக்குள்ளயா? அடடா, முடியாதே சார். அடுத்தாப்ல கொச்சியிலேர்ந்து ஒரு கப்பல். அதை விட்டா மும்பையிலேர்ந்து ஒண்ணு. இத்தனை வருஷம் விட்டதையெல்லாம் சேத்துப் போகணும்ல?”

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். போன் கட்டானது.

மங்களாம்பிகை கணவரை உற்றுப் பார்த்தாள்.

“கொச்சிக் கப்பலுக்கு எப்பங்க டிக்கெட் போட்டீங்க?”

“இன்னும் போடல.”

அவளுக்கு மெல்ல உறைத்தது. கண்ணில் நீர் முட்டியது. கூடவே கோபமும் வந்தது.

“அட பாவி மனுஷா! விட்டுக்கொடுக்கணும்னு மனசு இருந்தா, கேஸை வாபஸ் வாங்கியிருக்கலாமே! வீரையன் இத்தனை நாள் தவிச்சிருக்க வேண்டாமே?”

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்த அமிர்தலிங்கம் நின்றார்.

“அப்பா சாகும்போது என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினாரு மங்களா, கேஸை வாபஸ் வாங்கக் கூடாதுன்னு. நல்லவேளை, வாய்தாவுக்குப் போகணும்னு வாங்கல.”