அம்சவல்லிச் சீட்டு

ஐந்தாவது ஆட்டத்திலும் நான் தோற்றேன்.

தோற்க வழியே இல்லை. என் சீட்டுக்கட்டில் அம்சவல்லி இருந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவளைப்போல் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. அவளுக்கு அடுத்த நான்கு கெட்டிக்காரிகளையும் கூடவே சேர்த்திருந்தேன்.

காளியண்ணன் கட்டிலும் அம்சவல்லி உண்டு. ஆனால் அவர் அவளோடு பாஞ்சாலையைச் சேர்த்திருந்தார். பாஞ்சாலை எடுப்பது நாளைக்குப் பன்னிரண்டு கிலோ. தோட்டத்திலேயே கடைசி.

"என்னா வேலப்பா, ஆபீஸ் மிஷினும் எங்க பக்கந்தான் போலலா!" என்று காளியண்ணன் திரையைத் தட்டினார். தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். சாப்பாட்டு நேரத்தில் என்னோடு ஆட வருவார்.

ஆட்டம் நான் எழுதியது. அந்த 1986ஆம் ஆண்டில்தான் அலுவலகத்துக்குக் கணினி வந்திருந்தது. முந்தைய ஆண்டின் எடைப் பதிவேட்டை அதில் ஏற்றும் வேலை, கணக்கெழுதும் சின்னக் கிராணியான எனக்கு. ஏற்றி முடித்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

விதி எளிது. நாற்பத்திரண்டு பெண்கள், நாற்பத்திரண்டு சீட்டுகள். ஆளுக்கு ஐந்து சீட்டைப் பொறுக்கிக் கட்டு சேர்க்க வேண்டும். ஒரே சீட்டை இருவரும் எடுக்கலாம். அந்த ஐந்து பேரும் ஒரே காட்டில் (தோட்டத்துப் பிரிவை அப்படித்தான் சொல்வோம்) கொழுந்து எடுத்த ஏதோ ஒரு நாளைக் கணினி பதிவேட்டில் தேடி, அன்றைய எடைகளைக் கூட்டும். யார் கட்டு கனமோ அவர் ஜெயித்தார்.

அதே பதிவேட்டிலிருந்து அன்று இன்னொன்றும் வர வேண்டியிருந்தது. சராசரி பதினைந்து கிலோவுக்குக் கீழே எடுப்பவர்களின் பட்டியல். நான்கு மணிக்குள் பெரிய கிராணி நாகரத்தினத்தின் மேசைக்குப் போக வேண்டும். அதில் இருப்பவர் மாதக் கடைசியில் வேலையை விட்டு, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

ஒரே பெயர்தான் விழுந்திருந்தது. பதினேழாம் எண். பாஞ்சாலை.

"ஒத்தைக்கட்ட. இங்கேருந்து எங்க போவும்?" என்றார் காளியண்ணன். அவர் அவளுக்குப் பக்கத்து வீடு. "அதான், ஆட்டத்துலயாவது வச்சுக்கிறேன்."

பாவம் பார்த்துச் சேர்த்த சீட்டு ஐந்து முறை எப்படி ஜெயிக்கும்?

நிரலை வரி வரியாகப் படித்தேன். பிழை இல்லை. எடைகளைப் பென்சிலால் கூட்டினேன். கணினி சொன்னதேதான் வந்தது.

பிறகு மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன்.

என் கட்டில் அம்சவல்லி: இருபத்தொன்பது, முப்பத்தொன்று, இருபத்தேழு.

அவர் கட்டில் அதே அம்சவல்லி: அறுபது, ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு.

மற்றவர்கள் எடையில் இப்படி ஏற்றத்தாழ்வு இல்லை. அவளுடையது மட்டும் பாதியாகிறது. அதுவும் என் கையில் மட்டும்.

"மிஷினையே மொறைச்சுக்கிட்டு இருந்தா? போயி அவகிட்டயே கேளுலா" என்றார் காளியண்ணன்.

அம்சவல்லி இருந்த மலைக்காட்டுக்கு ஏறிப் போனேன். மேகம் இறங்கி, தேயிலைச் செடி நிரைகளின் மேல் பாதி தெரியவில்லை. அம்சவல்லி தலை நிமிராமல் கிள்ளிக்கொண்டிருந்தாள். கிள்ளியதெல்லாம் மடியில். கூடை இல்லை.

கூடை கீழேயிருந்து ஏறி வந்தது, பாஞ்சாலையின் முதுகில். எடை போட்டுக் காலி செய்த கூடை. அதில் எழுதியிருந்த எண் நாற்பத்தொன்று. அம்சவல்லியின் எண்.

"உங்க கூடைய இவங்க ஏன் சொமக்கிறாங்க?"

அம்சவல்லியின் கை நின்றது.

"ஏறிப்புடுவேன் கிராணி. சொமையோட எறங்கத்தான் முட்டி நிக்காது. ரெண்டு தடவ உருண்டுட்டேன். அக்கா இல்லாத அன்னைக்கு ஒக்காந்து ஒக்காந்து எறங்கி, எடை போட்டுட்டு ஏறி வர்றதுலயே பாதிப் பொழுது போயிடும்."

பாஞ்சாலை தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். கணுக்கள் வீங்கியிருந்தன. "எனக்குக் காலு கல்லு மாதிரி. இதுங்கதான் மடங்க மாட்டேங்குது. அவ முட்டியப் பத்தி மேல சொல்லிடாத தம்பி. அவளையும் அனுப்பிருவானுங்க."

இறங்கும்போது ஒவ்வொன்றாக விளங்கியது. கெட்டிக்காரிகள் ஐந்து பேரையும் ஒரே காட்டுக்கு அனுப்பும் நாளில் பாஞ்சாலை வேறு காட்டில் இருப்பாள். அதனால் என் கட்டில் பலசாலிகள் கூடக்கூட அம்சவல்லிக்குப் பலம் குறைந்தது. காளியண்ணன் கட்டுக்கோ இருவரும் சேர்ந்திருந்த நாள்தான் வரும். கங்காணி கூடையிலுள்ள எண்ணைப் பார்த்துத்தான் எடை எழுதுவார். சுமந்து வந்த காலுக்கு எண் கிடையாது.

முட்டியைச் சொன்னால் இரண்டு பேர் போவார்கள். வாயை மூடிக்கொண்டால் பாஞ்சாலை போவாள். அப்புறம் பாதியாகிவிடும் அம்சவல்லியையும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?

மூன்றரைக்குக் கணினி முன் உட்கார்ந்தேன்.

"இதென்ன, ரெண்டு நம்பர் ஒரே வரியில?" என்றார் நாகரத்தினம், நான் கொண்டுபோன தாளைப் பார்த்து.

"ஒருத்தி எடுக்கிறா, ஒருத்தி சொமக்கிறா. சேர்ந்திருந்தா அம்சவல்லி கூடை அறுபது. பிரிச்சா முப்பது. தேதியோட கீழே இருக்குங்க."

அவர் தேதிகளைத் தம் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். பென்சிலை எடுத்து அறுபதோடு பாஞ்சாலையின் பன்னிரண்டைக் கூட்டினார், இரண்டால் வகுத்தார். பிறகு பட்டியலில் இருந்த ஒரே பெயரை அடித்துவிட்டு, கங்காணிக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னார்.

எழுதினேன்: நாற்பத்தொன்றையும் பதினேழையும் எப்போதும் ஒரே காட்டுக்கு அனுப்பவும், இருவருக்கும் சேர்த்து ஒரே எடை, எழுபத்திரண்டு கிலோ, ஆளுக்கு முப்பத்தாறு.