குச்சி பிடிச்ச கை

"அப்பா கையில எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குங்க. மூச்சை மட்டும் விட்டுடாதீங்க."

வாசல்லயே காதைக் கடிச்சுட்டு அவ கிச்சனுக்குள்ள ஓடிட்டா. அவளைப் பொண்ணு கேட்டு வந்த லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

பத்து மாடி உயரத்துல கம்பியைப் பிடிச்சுத் தொங்குற ஆளு. இப்ப சோபா நுனியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்.

அவளோட அப்பாவுக்குத் தெருவுல பேரே தளபதிதான். பட்டாளத்துப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்லை. காலம் பூரா வேலை பார்த்தது தண்ணி மீட்டர் ஆபீஸ்ல. ஆனா வீட்டுல ஒரு ரோமானியப் படையே வெச்சிருக்காரு. எல்லாம் விரல் உயரத்துக்கு ஈயப் பொம்மைங்க. ஒவ்வொண்ணும் கையால வர்ணம் தீட்டினது.

"வாங்க தம்பி, நம்ம ஆளுங்களைப் பார்க்கலாம்."

கூட்டிட்டுப் போய் அலமாரிக் கண்ணாடியை நகர்த்தினாரு. சிவப்புக் கேடயக்காரங்க, கழுகுக் கொடி தூக்குறவன், ஓநாய்த் தோலைத் தலையில போர்த்தினவன்... அத்தனை பேரும் மெக்கானிக்கையே முறைச்சாங்க.

நடுவுல நின்ன ஒருத்தனைத் தளபதி எடுத்தாரு. "இவன் நூத்துவர் தலைவன். பேருதான் நூறு, கீழே இருந்தது எண்பது பேருதான். தலையில கொண்டை குறுக்கால இருக்கு பாருங்க, அதான் அடையாளம்."

"கையில குச்சி எதுக்கு சார்?"

"தப்பு பண்றவனை வெளுக்கத்தான்."

மெக்கானிக்குக்கு முதுகு தானா நிமிர்ந்துச்சு.

"மாமனார் சேர்த்து வெச்சது எல்லாம். அவருக்கு அப்புறம் எனக்கு வந்துச்சு. இவன் தோள்கிட்ட ஒரு கோடு தெரியுதா? ஒட்டு. என் மச்சினிச்சி சின்ன வயசுல பண்ண வேலை. கையை ஒடிச்சுட்டு, கமுக்கமா வாசல் பூந்தொட்டியில போட்டுட்டா! மாமனார் தோலை உரிச்சுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அவளை நான் இந்த ரூம் வாசப்படி தாண்ட விடுறதில்லை."

தளபதி பொம்மையை அவன் பக்கம் நீட்டினாரு.

"என் பொண்ணைக் கேட்டு யார் வந்தாலும் இவனைத்தான் கையில கொடுப்பேன். பிடிக்கிற விதத்துலயே ஆளைச் சொல்லிடலாம். போன தடவை வந்தவன் தும்மிட்டான். அனுப்பிச்சுட்டேன். ம்... பிடிங்க."

பொம்மை உள்ளங்கைக்கு வந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஹால்ல போன் அடிச்சுது.

"அப்படியே நில்லுங்க, வந்துடறேன்."

அப்படியேதான் நின்னான். மூச்சுகூட விடலை. மனுஷன் எவ்வளவு நேரம்தான் விடாம இருப்பான்? விட்டான்.

டக்.

குச்சியோட கை கழண்டு, அவன் கட்டைவிரல் பக்கத்துல கிடந்துச்சு.

"போச்சா?"

திடுக்கிட்டுத் திரும்பினான். வாசப்படிக்கு அந்தப் பக்கம் காப்பித் தட்டோட அவளோட சித்தி. தளபதி சொன்ன அதே மச்சினிச்சி.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா மூச்சுதான்..."

"தெரியும். பழைய ஒட்டு. அத்தான் பேசி முடிக்கப்போறாரு, சீக்கிரம் நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் கையைப் பாக்கெட்டுல போட்டுக்குங்க. பொம்மையை முதுகு காட்டி உள்ளே வெச்சிடுங்க. கிளம்புறப்ப கையை வாசல் பூந்தொட்டியில போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க."

"அப்புறம் கண்டுபிடிச்சா?"

"பழி என் மேல விழும். உங்க கல்யாணம் நடக்கும். எனக்கென்ன, பழகிப்போனதுதான்."

சித்தி சிரிச்சாங்க. கால் மட்டும் வாசப்படிக்கு வெளியவே இருந்துச்சு.

ஹால்ல "சரி, வெச்சிடறேன்"னு குரல். மெக்கானிக் அந்தத் துணுக்கைச் சட்டைப் பாக்கெட்டுகிட்ட கொண்டுபோனான். உண்மையைச் சொல்லணும்னா, உள்ளேயே போட்டுட்டான்.

அப்புறம் சித்தியோட காலைப் பார்த்தான். திரும்ப வெளியே எடுத்துட்டான்.

"என்ன தம்பி, நம்ம ஆளு பத்திரமா?" தளபதி வந்துட்டாரு.

மெக்கானிக் ரெண்டு கையையும் நீட்டினான். ஒண்ணுல பொம்மை, ஒண்ணுல குச்சி. "சார், கை கழண்டுடுச்சு. என்கிட்ட இருக்கிறப்பதான்."

தளபதி முகம் கேடயத்தோட நிறத்துக்குப் போயிடுச்சு.

"ஒரு பொம்மையைப் பிடிக்கத் தெரியாதவன் கையில என் பொண்ணைப் பிடிச்சுக் கொடுக்கவா? காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்க."

கிச்சன்ல ஏதோ பாத்திரம் கீழே விழுந்துச்சு.

காப்பித் தட்டு வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்துச்சு. பின்னாடியே சித்தியும்.

"ஏய், யாரைக் கேட்டு உள்ளே வர்றே?"

"நான் இவருக்கு யோசனை சொல்லிப் பார்த்தேன் அத்தான். பாக்கெட்டுல போட்டு எடுத்துட்டுப் போய், பூந்தொட்டியில போட்டுடுங்கன்னு. கேட்கலை. உங்களுக்கு இருந்த சாமர்த்தியம் இவருக்கு இல்லை."

தளபதியோட கை தானா போய்ச் சட்டைப் பாக்கெட்டைத் தடவுச்சு.

சித்தி தட்டை மேஜையில வெச்சுட்டு நிமிர்ந்தாங்க.

"அக்காவைப் பொண்ணு பார்க்க முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப, பூந்தொட்டிகிட்ட குனிஞ்சீங்களே, அன்னிக்கு ஜன்னல்ல நின்னது நான்தான். அக்கா கல்யாணம் நின்னுடக் கூடாதேன்னு வாயை மூடிக்கிட்டு அடி வாங்கினேன். இன்னிக்கு அக்கா பொண்ணு கல்யாணம் நின்னுடக் கூடாதேன்னுதான் அத்தான், வாயைத் திறக்கிறேன்."