நீலச் சட்டைக்கு விழுந்த வசவு

“அடேய் நீலச் சட்ட! கட்டையில போறவனே! நந்தி மாரி குறுக்கவே நிக்கிறியே, நீ வெளங்குவியா?”

புதுச்சேரி உப்பளம் மைதானம் முழுக்கக் கேட்டது. கேட்காமல் இருக்குமா? தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் முப்பது வருஷம் தீட்டிய தொண்டை ஆயிற்றே.

திட்டி முடித்து, மூன்று தரம் தூ தூ தூ என்று துப்பும் சத்தமும் கேட்டது.

நீலச் சட்டை நாலாம் நம்பர் உத்திராபதிக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திட்டுகிறவள் அவனைப் பெற்ற அஞ்சம்மாள்.

பதினாறு வருஷமாகக் கால்பந்து ஆடுகிறான். ஒன்பது கிளப் பார்த்தாகிவிட்டது. கொல்கத்தாவில் அவனை ‘பத்தி’ என்றார்கள். கோவாவில் ‘உத்தா’. ஐசாலில் வெறும் நாலு. ஒரு ஊரிலும் பெயரை முழுசாகச் சொன்னதில்லை.

சொல்லவும் மாட்டார்கள். கோல் போட்டவனைத்தானே ஊர் தோளில் தூக்கும்? இவன் வேலை கோல் விழாமல் தடுப்பது. அவன் பேரில் இன்றுவரை ஒரு கோல் கிடையாது.

ஒரு கிளப்பை விட்டு வெளியே வந்தால் பழைய ஜெர்சியை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அஞ்சம்மாள் அதைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போவாள். அதற்கு முன்னே வந்ததைக் கூட்டாளிப் பெண்களுக்குக் கொடுப்பாள். வஞ்சிரம் வந்து இறங்கினால் போதும், அவனுடைய பழைய கிளப்புகளெல்லாம் அங்கே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கடைசியாகப் போனது மஞ்சள்.

மஞ்சள் கிளப், ‘உன் முட்டி போயிடுச்சு’ என்று மூன்று மாதத்துக்கு முன் அவனைக் கைகழுவிவிட்டது. அதை அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ‘ரெண்டு இருந்துச்சும்மா, ஒண்ண அனுப்பினேன்’ என்று, இன்னும் மஞ்சளில்தான் ஆடுவதுபோல, போனில் ஒரு பொய் சொல்லிவைத்தான். நீலத்தில் சேர்ந்ததையும் சொல்லவில்லை.

விதியைப் பாருங்கள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக, சொந்த ஊரில் ஆட்டம். எதிரே மஞ்சள். இதோடு பூட்ஸைக் கழற்றிவிடுவதென்று முடிவு செய்திருந்தான். ஒரே ஒரு தரம் அம்மா தன் ஆட்டத்தைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

வந்தாள். மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து, தகரக் கொட்டகைக்குக் கீழே முதல் படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து முகம் தெரியாமல், மஞ்சள்காரன் எவனோதான் மகன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. உத்திராபதி பந்தைத் தட்டிவிடும்போதெல்லாம் அவன் தலையில் ஒரு வண்டி வசவு வந்து விழுந்தது.

“அந்தக் காலு புழுத்துப் போவ! தூ தூ தூ!”

நீலம் ஒரு கோல் முன்னே. இன்னும் இரண்டு நிமிஷம்.

மஞ்சளின் மணிப்பூர்க்காரன் தோம்பா, கோல்கீப்பரையும் ஏமாற்றிவிட்டுப் பந்தை உருட்டிவிட்டான். காலி வலை. பந்துக்கும் வலைக்கும் நடுவே உத்திராபதி மட்டும்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம் அவன் மனசு தடுமாறியது. விட்டுவிட்டால்தான் என்ன? அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள்.

ஆனால் அந்த அம்மாவே ஏலத்தில் கூடப்பிறந்த தங்கைக்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. தொழில் தொழில்தான்.

பாய்ந்தான். முட்டி தீயாய் எரிந்தது. பந்து கோட்டிலிருந்து வெளியே பறந்தது. அன்றைய வசவுகளிலேயே பெரியது அப்போதுதான் விழுந்தது.

விசில் ஊதினார்கள். நீலம் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்தால் எதிராளியோடு சட்டை மாற்றிக்கொள்வது வழக்கம். உத்திராபதி ஓடிப்போய்த் தோம்பாவிடம் நீலத்தைக் கொடுத்து மஞ்சளை வாங்கினான். வியர்வை சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டு அம்மாவிடம் போனான். அவள் நினைத்தது நினைத்தபடியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அஞ்சம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாத்துக்குடா அந்த மஞ்சக்காரன் சட்டைய மாட்டிகினு வர? சட்ட வூட்டுக்கு வந்தப்பவே தெரியும், தொரத்தி வுட்டானுங்கன்னு. உன் நட தெரியாதா எனக்கு?”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்புறம் ஏம்மா அந்தத் திட்டு திட்டின?”

அஞ்சம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் ஒன்று உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

“இத்தினி ஆயிரம் கண்ணும் உன் மேலயே கிடக்குது. பெத்தவ வாயால புகழ்ந்தா கண்ணு பட்டுடாது? அதான் திட்டித் திட்டிக் கழிச்சேன். கோழி மிதிச்சி குஞ்சி சாவுமாடா?”

சொல்லிவிட்டு அவன் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சடசடவென்று சொடுக்கின.

உத்திராபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினாறு வருஷமும் நெஞ்சுக்குள் அப்படியே இனித்தது.

“நின்னுகினே இருக்கிறியே! ஓடு, அந்த நீலத்த வாங்கியா. நாளைக்கு ஏலத்துக்குப் போட்டுகினு போவணும்.”

போய்விட்டது என்றார்களே, அந்த முட்டியோடுதான் தோம்பாவைத் தேடி ஓடினான்.