சாயம் இறங்குமா?

"சாயமா? ரத்தத்துக்குள்ளயா?" கையில் இருந்த நூல்கழியை அப்படியே தொட்டிக்குள் போட்டுவிட்டார் காசிராஜன்.

"ஆமாங்கேன்! அதுக்கு 'டை'ன்னு பேரு. அதை ஏத்துனாத்தான் ரத்தக்குழாயில அடைப்பு எங்கன இருக்குன்னு தெரியுமாம். டாக்டரு படம் வரைஞ்சே காட்டிட்டாரு!"

மனைவி கோமதித்தாய்க்கு உற்சாகத்தில் மூச்சு வாங்கியது. கையில் மெட்ராஸ் ஆஸ்பத்திரியின் சம்மதப் பாரம். இன்றே தபாலில் சேர்த்தால்தான் அடுத்த வாரம் பலூன் வைத்தியம். அதற்குக் காசிராஜன் கையெழுத்துப் போடவேண்டும். அவரோ பிடி கொடுக்கவில்லை.

சங்கரன்கோவிலில் இருபது வருஷமாகச் சாயப்பட்டறை நடத்துகிறவரிடம் சாயத்தைப் பற்றிச் சொன்னால் சும்மா விடுவாரா?

"ஏட்டி, இந்த நகத்தைப் பாரு. நம்ம கல்யாணத்தன்னைக்கு இருந்த நீலம் இன்னும் போகலை. நெஞ்சுல ஏத்துனது எப்படி இறங்கும்?"

"மறுநாளே மூத்திரத்தோட போயிருமாம்."

"அப்பம் அது சாயமே இல்லை. மட்டச் சரக்கு!"

கோமதித்தாய் சிரித்துவிட்டாள். "பொறவு கேளுங்க. தொடையில சின்ன ஓட்டை. அது வழியா மெல்லிசா ஒரு குழாய், பேரு 'கதீட்டர்'. அதுக்குள்ள முடி கணக்கா ஒரு கம்பி. அந்தக் கம்பி மேல பலூன்! அடைப்புக்குள்ள போய் ஊதுனா வழி விட்டுரும்."

"ஆடித்தபசுத் திருவிழாவுல வாங்குன பலூன் ஒண்ணாவது முழுசா வீடு வந்து சேந்திருக்கா? வெடிச்சிட்டுன்னா?"

"இது வேற பலூன். மயக்கமருந்துகூடக் கிடையாதாம். முழிச்சுக்கிட்டே டி.வி.யில நெஞ்சைப் பாக்கலாமாம்! நம்ம தெருவுல யாரு பாத்திருக்கா?"

மூன்று மாதமாக அந்த நெஞ்சுவலி வரும்போதெல்லாம் காசிராஜனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கோயில் புற்றுமண்ணும் பூசிப் பார்த்தாயிற்று. கேட்கவில்லை.

"பயமா இருக்குட்டி" என்றார், ஒளிக்காமல்.

"பயந்தா அடைப்பு போயிருமா? போடுங்க."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. பக்கத்திலேயே நீலமாக ஒரு விரல் ரேகையும் விழுந்தது.

'நோயாளியின் கணவர்' என்று டாக்டர் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்த இடத்தில்.

பாரத்தை மடித்துக்கொண்டே கோமதித்தாய் சொன்னாள்: "மெட்ராஸ்காரன் ஏத்துத சாயம் மறுநாளே போயிரும். இந்த நெஞ்சுல நீங்க ஏத்துன சாயம்தான் இறங்காது!"