ஜெபக் குறிப்பு

இணையத்தில் ஒரு கிறிஸ்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு உலகத்திலேயே ஒரே ஒரு முன்மாதிரிதான் உண்டு. அவர் எங்கள் சபைச் செயலாளர். இதை அவரே சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

"ஜெபக் குறிப்பு போட்டா, கைகூப்புற பொம்மையைத் தட்டிட்டு நழுவிடுறானுங்க. அவனெல்லாம் விசுவாசியா?" என்றார், சமையலறையில் இருந்த மனைவிக்குக் கேட்கும்படி. கைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை.

சபையின் முகநூல் ஜெபக் குழுவில் ஒரு சகோதரி பெயரை மறைத்து எழுதியிருந்தாள்: 'கணவர் என்னோடு பேசுவதே இல்லை. வீட்டை விட்டுப் போய்விடலாம் போலிருக்கிறது. ஜெபியுங்கள்.'

"ஐயோ பாவம்! இவ புருஷனெல்லாம் ஒரு மனுஷனா?"

பொங்கியவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, மூன்று வசனங்களோடு பதில் எழுதினார். 'அன்புச் சகோதரியே, போய்விடாதீர்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது' என்று முடித்து அனுப்பினார்.

சமையலறையில் 'டிங்' என்றது.

மனைவி கைபேசியோடு வந்து எதிரே நின்றாள்.

"படிச்சேங்க. மூணு வருஷத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு பேசினது இதான் முதல் தடவை."

அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

செயலாளர் தலை நிமிராமலே எதையோ தட்டினார். அவள் கையில் மறுபடி 'டிங்' என்றது.

கைகூப்புற பொம்மை.